3,000 ரூபாய் கூடுதல் வாடகை 57,000 ரூபாய் ஆகும் கணக்கு

தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுன்டரில் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, "எந்த ரூம் வேணும்?" என்பது. ஜெனரல் வார்டு, ட்வின் ஷேரிங், சிங்கிள், டீலக்ஸ் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். நோயாளியோடு வந்தவர் பதற்றத்தில் இருப்பார். "இன்சூரன்ஸ் இருக்கே, சிங்கிளே போடுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். பணத்தைப் பொறுத்தவரை அந்தச் சிகிச்சை முழுவதிலும் குடும்பம் எடுக்கும் மிகப் பெரிய முடிவு அதுதான். அது அப்படிப்பட்ட முடிவு என்று அந்த நேரத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை வரம்பு 5,000 ரூபாய், எடுத்த அறை 8,000 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 3,000 வீதம் நான்கு நாளுக்கு 12,000 கையிலிருந்து போகும் என்றுதான் பெரும்பாலானோர் கணக்குப் போடுகிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று அதைப் போல ஐந்து மடங்கு கட்டச் சொல்லும்போது மருத்துவமனை ஏமாற்றுகிறது என்று ஒரு சண்டை, காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றுகிறது என்று இன்னொரு சண்டை. பல நேரங்களில் அந்தத் தொகை பாலிசியில் எழுதியபடியே வந்திருக்கும். சில நேரங்களில் தவறாகவும் வந்திருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது அவசியம்.

நம் ஊர்ப் பெரிய தனியார் மருத்துவமனைகளில் அறை வாடகை என்பது படுக்கைக்கான விலை மட்டும் இல்லை. அறையின் வகைதான் பில்லின் மற்ற வரிகளுக்கும் விலை வைக்கிறது. அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ஒரு மணி நேர ஆபரேஷன். ஆனால் நோயாளி ஷேரிங் அறையில் இருந்தால் ஒரு கட்டணம், சிங்கிளில் இருந்தால் அதைவிட அதிகம், டீலக்ஸில் இருந்தால் இன்னும் அதிகம். சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், தியேட்டர் வாடகை, தினசரி விசிட் எல்லாம் இப்படித்தான் அறையோடு சேர்ந்து ஏறும். காப்பீட்டு நிறுவனத்தின் வாதம் இதுதான்: "5,000 ரூபாய் அறைக்குத்தான் பிரீமியம் வாங்கினோம். அந்த அறையில் இருந்தால் சர்ஜன் கட்டணமும் குறைவாகத்தான் வந்திருக்கும்." அதனால் வாடகை எந்த விகிதத்தில் வரம்பைத் தாண்டியதோ அதே விகிதத்தில் மற்றக் கட்டணங்களையும் வெட்டுகிறார்கள். கடிதத்தில் இது 'ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்' என்று வரும். சர்ஜன் கட்டணத்துக்கு இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இதை நீட்டுவதை ஏற்க முடியாது. விதியும் அதை ஏற்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எடுத்த எண்கள்தான். காப்பீட்டுத் தொகை 5 லட்சம், அறை வரம்பு அதில் 1%, அதாவது 5,000. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள்.

அறை வாடகை: 32,000
சர்ஜன், உதவி சர்ஜன், மயக்க மருந்து நிபுணர்: 80,000
தியேட்டர்: 32,000
டாக்டர் விசிட்: 8,000
மருந்து, ஊசி, பஞ்சு வகையறா: 38,000 (அதில் பாலிசியில் சேராதவை 6,000)
பரிசோதனைகள்: 20,000
மொத்தம்: 2,10,000

5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5%. வாடகையில் 20,000 கிடைக்கும், 12,000 போகும். சர்ஜன், தியேட்டர், விசிட் மூன்றும் சேர்ந்து 1,20,000. அதில் 75,000 கிடைக்கும், 45,000 போகும். மருந்தில் சேராத 6,000 போக 32,000 முழுதாகக் கிடைக்கும். பரிசோதனை 20,000 முழுதாகக் கிடைக்கும். ஆக, நிறுவனம் தருவது 1,47,000. நீங்கள் கட்டுவது 63,000. அதில் அறையால் மட்டும் போனது 57,000. அறைக்கான ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கவில்லை. ஐசியூ தவிர்த்து, நாள் வாடகை 5,000-ஐத் தாண்டும் அறைக்கு 2022 ஜூலை 18 முதல் 5% வரி உண்டு.

இதே நோயாளி 5,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் கையிலிருந்து போவது ஏறக்குறைய அந்த 6,000 மட்டும்தான். சர்ஜன் கட்டணமும் குறைந்த அடுக்கில் வந்திருக்கும் என்பதால் காப்பீட்டுத் தொகையிலும் மிச்சம் இருந்திருக்கும்.

இனி தவறு நடக்கும் இடம். 2020 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வெட்டுக்கு எல்லை கட்டியது. மருந்து மற்றும் நுகர்பொருள்கள், உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் மற்றும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகிய மூன்றிலும் விகித வெட்டுக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறை வகையைப் பார்த்து விலையை மாற்றாத மருத்துவமனையில் அறவே கூடாது. மாற்றும் மருத்துவமனையிலும் எந்தக் கட்டணம் எல்லா அறைக்கும் ஒன்றாக இருக்கிறதோ அந்தக் கட்டணத்தில் கூடாது. உங்கள் பாலிசியில் 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்று ஒரு வரையறை இருக்கும். அதைப் படித்தால் எதில் வெட்டலாம், எதில் கூடாது என்பது தெரியும்.

மேலே உள்ள பில்லில் சேராத 6,000 போக மீதி மொத்தத்துக்கும் 62.5 சதவீதத்தைப் போட்டால் கிடைப்பது 1,27,500. சரியான கணக்கைவிட 19,500 குறைவு. கடிதத்தில் வரிவாரியாகக் காட்டாமல் 'ரூம் ரென்ட் லிமிட் காரணமாகக் கழிவு' என்று ஒரே எண்ணாக வந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே பிரித்துக் காட்டிய கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சின்ன மருத்துவமனை, நர்சிங் ஹோம் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. "எங்களிடம் சர்ஜன், தியேட்டர், விசிட் கட்டணங்கள் எல்லா அறைக்கும் ஒன்றுதான்" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரையோடு கட்டண அட்டவணையையும் இணைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் 45,000 ரூபாயைத் திரும்பக் கொண்டுவரக் கூடியது.

வரம்புக்குள் இருக்கும் அறை என்று நினைத்து எடுத்ததும் தாண்டிப்போவது உண்டு. பல பாலிசிகளில் அந்த 1% வாடகைக்கு மட்டும் இல்லை. வாடகை, சாப்பாடு, நர்சிங் மூன்றும் சேர்ந்தது. மருத்துவமனையோ வாடகை 4,500, நர்சிங் 800, டியூட்டி டாக்டர் 400 என்று தனித்தனியாகப் போடும். பாலிசி டியூட்டி டாக்டரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் கூட்டல் 5,700. 5,000 வரம்பைத் தாண்டிவிட்டதால் சுமார் 12% வெட்டு; 1,20,000 ரூபாய் கட்டணத்தில் 14,700 அளவுக்குப் போய்விடும். "ரூம் வாடகை எவ்வளவு?" என்று கேட்பது போதாது. "ஒரு நாளைக்கு ரூம், நர்சிங், டியூட்டி டாக்டர் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, எதன் மீது 1% என்பது. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைத்த போனஸைச் சேர்த்து 7.5 லட்சம் இருக்கிறது, ஆகவே 7,500 அறை எடுக்கலாம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் 1% என்பது அடிப்படைத் தொகை 5 லட்சத்துக்கு மட்டும்தான். கம்பெனி தரும் குரூப் பாலிசியில் நிலைமை இன்னும் இறுக்கம். 3 லட்சம் காப்பீடு, 1% அறை வரம்பு என்றால் நாளுக்கு 3,000. சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் அதற்கு சிங்கிள் ரூம் கிடைக்காது. ஊழியரின் பெற்றோருக்கு 10% அல்லது 20% கோ-பேயும் (நாம் ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால், விகித வெட்டு முடிந்து மிஞ்சும் தொகையில்தான் அந்தச் சதவீதத்தையும் கழிப்பார்கள். அடியின் மேல் அடி. ஹெச்.ஆர். அனுப்பும் ஒரு பக்கச் சுருக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் இன்றே பார்த்து, குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் போட்டு வைப்பது நல்லது. அட்மிஷன் நேரத்தில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரூபாயில் வரம்பு வைக்காமல் 'சிங்கிள் பிரைவேட் ஏ.சி. ரூம்' என்று வகையில் வரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. நகரத்துக்கு நகரம் வாடகை மாறினாலும் இது தாங்கும் என்பதால் ரூபாய் வரம்பைவிட நல்லது. ஆனால் ஒரே மருத்துவமனையில் சிங்கிள் என்ற பெயரில் மூன்று அடுக்கு இருக்கும். அதில் மிகக் குறைந்த வாடகை உள்ளதைத்தான் தகுதியான அறையாக எடுத்துக்கொள்வார்கள் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

கவுன்டருக்கு வருவோம். முதலில் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போய், பாலிசி அட்டையைக் கொடுத்து, "என் பாலிசிக்குத் தகுதியான அறை எது?" என்று கேளுங்கள். பிறகுதான் அறையைச் சொல்ல வேண்டும். எஸ்டிமேட்டை இரண்டு அறைக்கும் வாங்குங்கள்: தகுதியான அறைக்கு ஒன்று, நீங்கள் விரும்பும் அறைக்கு ஒன்று. இரண்டிலும் சர்ஜன் கட்டணத்தை ஒப்பிட்டாலே அறை எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணியா, பகல் 12 மணிக்கு நாள் மாறுமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். இரவு 11 மணிக்குச் சேர்ந்தவருக்கு ஒரு முழு நாள் கூடிவிடலாம்.

தகுதியான அறை காலி இல்லை என்றால்? இது அடிக்கடி நடக்கிறது. அப்போது மேல் அடுக்கு அறையைக் கொடுத்துவிட்டு, 'என் விருப்பத்தின் பேரில் உயர் அறை எடுக்கிறேன்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். 'தகுதியான அறை காலி இல்லாததால்' என்று கையால் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலியாகும் வரை கீழ் அடுக்குக் கட்டணத்திலேயே பில் போடச் சொல்லிக் கேளுங்கள்; சில மருத்துவமனைகள் ஒப்புக்கொள்கின்றன. தகுதியான அறை காலியானதும் மாறிவிடுங்கள். குறிப்பாக, திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் தியேட்டருக்குப் போகும் முன்பே மாறிவிடுவது நல்லது. மேல் அறையில் இருக்கும் நாளில் ஆபரேஷன் நடந்தால் சர்ஜன் கட்டணம் அந்த அடுக்கில் பதிவாகிவிட வாய்ப்பு அதிகம். அவசரம் இல்லாத ஆபரேஷனை அறை கிடைக்கும் நாளுக்குத் தள்ளி வைப்பதிலும் தப்பில்லை, டாக்டர் சரி என்றால்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் விலை, அவ்வளவுதான். தகுதி இருந்தும் தனியார் பாலிசியின் பில்லோடு மல்லுக்கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. சேர்க்கும் முன் அந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்று இரண்டையும் கேளுங்கள்.

பாலிசியில் சேராத பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கையுறை, மாஸ்க், டயாபர், க்ரேப் பேண்டேஜ், நெபுலைசேஷன் கிட், தெர்மாமீட்டர், ஈ.சி.ஜி. எலக்ட்ரோடு, அட்டென்டர் சாப்பாடு என்று 68 பொருள்கள். இவற்றுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும், நுகர்பொருள்களுக்கான ரைடர் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்பு) எடுத்திருந்தாலொழிய. இந்தப் பட்டியலில் ஒரு வரி முக்கியம்: விவரம் குறிப்பிடாத எந்தக் கிட்டும் சேராது. பில்லில் 'ஆர்த்தோ கிட் 9,000' என்று ஒற்றை வரியாக இருந்தால் முழுதும் வெட்டப்படும். அதற்குள் பெரும்பகுதி பாலிசியில் சேரும் பொருளாக இருக்கலாம். பில்லிங் பிரிவில் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லிவிட்டு, பிறகு காப்பீட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

இதற்கு அடுத்த மூன்று பட்டியல்கள் வேறு வகை. ஃபைல் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், போர்வை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லாம் அறை வாடகைக்குள் அடக்கம். பஞ்சு, காஸ், சர்ஜிக்கல் பிளேடு எல்லாம் ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடக்கம். அட்மிஷன் கட்டணம், யூரின் பேக் போன்றவை சிகிச்சைச் செலவுக்குள் அடக்கம். மருத்துவமனை இவற்றைத் தனியாகப் போட்டால் காப்பீட்டு நிறுவனம் வெட்டும், மருத்துவமனை அதை உங்களிடம் கேட்கும். கொடுக்காதீர்கள். இவை ஏற்கெனவே வாங்கிய கட்டணத்துக்குள் அடங்கியவை என்று சொல்லி, எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்தால் பில்லில் அதன் விலை தனி வரியாக, பிராண்டு, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண்ணோடு இருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தபோதே இதையும் கட்டாயமாக்கியது. அதன் பிறகு உச்ச விலை அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. ஆணையத்தின் தளத்தில் நடப்பு விலையைப் பார்க்கலாம். முழங்கால் மூட்டு மாற்று இம்ப்ளான்டுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் வரம்பு வந்தது. பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகல் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்; அது இல்லாத க்ளெய்ம் இழுபடும்.

டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. டெஸ்க்கில் "இவ்வளவு கட்டணும்" என்று வாய்மொழியாகத்தான் சொல்வார்கள். கடிதத்தை பிரின்ட் எடுத்துக் கேளுங்கள். அதில் கழிவுகள் வரிசையாக இருக்கும். அறை காரணமாக, சேராத பொருள் காரணமாக, கோ-பே காரணமாக என்பவை உங்கள் தலையில். 'டாரிஃப் வித்தியாசம்', 'ஒப்பந்தத் தள்ளுபடி' என்று வரும் கழிவு மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. ஒப்புக்கொண்ட பேக்கேஜ் விலைக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது, தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்த வித்தியாசமும் பாலிசியில் சேராதவையும் தவிர என்று அந்த அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பகுதியிலேயே வழக்கமாக அச்சாகியிருக்கும். அந்த வரியைக் காட்டினால் பெரும்பாலும் வாக்குவாதம் முடிந்துவிடும். சேர்க்கும்போது வாங்கிய டெபாசிட் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2024 மே 29 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மணியைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் வாடகை போட்டால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி, மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய நிமிடத்திலிருந்துதான் தொடங்கும். காலையில் டாக்டர் 'போகலாம்' என்று சொன்ன பிறகு ஃபார்மசி, லேப், நர்சிங் கணக்கு முடித்து பில் மேலே போவதற்கே மதியம் ஆகிவிடுகிறது. முந்தின நாள் மாலையே இடைக்கால பில்லைச் சரிபார்த்துவிட்டால் இந்தத் தாமதம் பாதியாகும்.

இரண்டு பாலிசி வைத்திருப்பவர்களில் பலர் தெரியாமல் விட்டுவிடும் ஒரு வழி இருக்கிறது. முதல் பாலிசியில் வெட்டப்பட்ட தொகையை, அதன் காப்பீட்டுத் தொகை தீராமல் இருந்தாலும், இரண்டாவது பாலிசியில் கேட்கலாம். தனிநபர் பாலிசிகளில் 'மல்டிபிள் பாலிசிஸ்' என்ற பொது நிபந்தனையில் இது எழுதியிருக்கும். கம்பெனி பாலிசி 57,000 வெட்டிவிட்டது, சொந்த பாலிசியில் அறை வரம்பு இல்லை என்றால் அந்த 57,000-ஐ நாம் கட்டிவிட்டு அங்கே ரீ-இம்பர்ஸ்மென்டாகக் கேட்கலாம். அதற்கு முதல் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதமும் பில்களின் சான்றிட்ட நகல்களும் வேண்டும். அட்மிட் ஆனபோதே இரண்டாவது நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்திருக்க வேண்டும். சூப்பர் டாப்-அப் இந்த வேலையைச் செய்யாது. 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள டாப்-அப், அதாவது 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் பணம் தருவது, இரண்டு லட்சம் ரூபாய் பில்லைத் தொட்டே பார்க்காது.

வெட்டு தவறு என்று தெரிந்தால், மருத்துவமனையில் 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ரசீதில் எழுதிவிட்டு வெளியே வந்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கோபத்தை எழுதாமல் எண்களை எழுதுங்கள்: பாலிசியின் எந்தப் பிரிவு, எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள், சரியான கணக்கு எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். 50 லட்சம் வரையிலான வழக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

புதுப்பிக்கும் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 18% ஜி.எஸ்.டி. இல்லை, குரூப் பாலிசிகளுக்கு மட்டும் தொடர்கிறது. அடிப்படைப் பிரீமியம் மாறாமல் 20,000-ஆக இருந்தால் 3,600 ரூபாய் மிச்சம். அதை அறை வரம்பை நீக்கும் ரைடருக்கோ, வரம்பே இல்லாத திட்டத்துக்கு மாறவோ செலவிடுவதுதான் என் கருத்தில் சரியான பயன்பாடு. காப்பீட்டுத் தொகையை 5-லிருந்து 10 லட்சமாக ஏற்றினாலும் 1% என்பது 10,000 ஆகிவிடும். ஆனால் கூட்டிய பகுதிக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். அது அதிகபட்சம் 36 மாதம். ஆகவே முட்டி வலி தொடங்கி, மூட்டு மாற்று பற்றி டாக்டர் பேசிய பிறகு இதைச் செய்தால் அந்த ஆபரேஷனுக்கு உதவாது.